ஸ்கேண்டியம்: உலோகம் சூப்பர், ஆனா ஷேர்?



2025 ஏப்ரல்ல சீனா ஏழு உலோகங்களோட ஏற்றுமதிக்கு லைசென்ஸ் கட்டாயம்னு அறிவிச்சது ஞாபகம் இருக்கும். சமேரியம், டிஸ்ப்ரோசியம் மாதிரி காந்தத்துக்குப் போற பெயர்களுக்கு நடுவுல, ஸ்கேண்டியம்னு ஒரு பெயரும் அந்த லிஸ்ட்ல இருந்தது. அதுக்கப்புறம் சேனலுக்கு வர்ற கேள்விகள்ல இது நிரந்தரமா உட்கார்ந்துடுச்சு. "சார், அடுத்த லித்தியம் இதுதானாமே? ஆஸ்திரேலியாவுல ஒரு சின்ன கம்பெனி ஷேர் சில்லறைக் காசுக்குக் கிடைக்குதாம், போனஸ் பணம் இருக்கு, போடலாமா?"

டெலிகிராம் குரூப்ல சுத்துற மெசேஜையும் சில பேர் அனுப்பியிருந்தீங்க. எல்லாத்துக்கும் சாரம் ஒண்ணுதான். அலுமினியத்துல துளியூண்டு ஸ்கேண்டியம் கலந்தா போதும், அது வேற லெவல் உலோகமா மாறிடும். விமானம், ராக்கெட், எலெக்ட்ரிக் கார் எல்லாத்துக்கும் தேவைப்படும். சப்ளை கம்மி. அதனால விலை பறக்கும்.

இதுல முதல் வரி கிட்டத்தட்ட உண்மை. அதனாலதான் இந்தக் கட்டுரையை எழுதறேன். முழுப் பொய்யை நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. உண்மையில ஆரம்பிச்சு தப்பான இடத்துல போய் நிக்கிற கதைதான் சம்பளக்காரங்க பாக்கெட்டைப் பதம் பார்க்குது. வீடியோவுல இதை வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன், இங்க கொஞ்சம் நிதானமா பார்க்கலாம். உலோகவியல் நான் படிச்ச பாடம் இல்ல. ஆனா ஒரு பொருளுக்கு காஸ்ட் ஷீட் போடணும்னா, அந்தப் பொருள் உள்ள போய் என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சே ஆகணும். தெரியாம போட்ட காஸ்ட் ஷீட் வெறும் கூட்டல் கணக்குதான்.

அப்படி என்ன செய்யுது ஸ்கேண்டியம்?

916 நகைன்னா உங்களுக்குத் தெரியும். 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பு, வெள்ளி. சுத்தத் தங்கம் ரொம்ப மெத்து, வளையல் பண்ணா கையிலயே வளைஞ்சுடும். அதனால வேற உலோகத்தைக் கலந்து கெட்டிப்படுத்தறாங்க. அலாய்னு சொல்றது இதைத்தான்.

அலுமினியமும் அப்படித்தான். சுத்தமா இருந்தா மெத்துன்னு இருக்கும். ஏன் மெத்துன்னு இருக்குன்னு புரிஞ்சுக்க, கல்யாண மண்டபத்துல விரிக்கிற பெரிய ஜமக்காளத்தை நினைச்சுக்கங்க. மொத்தமா பிடிச்சு இழுத்தா நகராது. ஆனா ஒரு ஓரத்துல சின்ன மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பை மட்டும் தள்ளிக்கிட்டே போனா, ஜமக்காளம் சுலபமா ஒரு ஜாண் நகர்ந்துடும். உலோகம் வளையறதும் இதே மாதிரிதான். அணுக்கள் அடுக்கி இருக்கற வரிசையில ஒரு கோளாறு இருக்கும், அது மடிப்பு மாதிரி உள்ள ஓடும். மடிப்பு தடையில்லாம ஓடினா உலோகம் மெத்து. ஓட விடாம நிறுத்தினா உலோகம் கெட்டி.

இப்போ அந்த ஜமக்காளத்து மேல வரிசையா நாற்காலி போட்டா? மடிப்பு எங்கேயும் போக முடியாது. ஸ்கேண்டியம் செய்யறது இந்த நாற்காலி வேலை. உருக்கின அலுமினியத்துல ஸ்கேண்டியத்தைக் கரைச்சு, கெட்டியாக்கி, அப்புறம் 300 டிகிரி செல்சியஸ் பக்கத்துல சில மணி நேரம் வச்சா, மூணு அலுமினிய அணுவும் ஒரு ஸ்கேண்டிய அணுவும் சேர்ந்த ரொம்பப் பொடிப் பொடியான துகள்கள் உள்ளுக்குள்ள உருவாகும். சில நானோமீட்டர் அளவுதான். ஒரு நானோமீட்டர்னா மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. இந்தத் துகளோட அணு அடுக்கு அலுமினியத்தோட அடுக்குக்கு கிட்டத்தட்ட அச்சா பொருந்துது, வித்தியாசம் 1.3 சதவீதம் அளவுதான். அதனால அது அலுமினியத்துக்குள்ள ஒட்டாத கல்லு மாதிரி இல்லாம, கூடவே பிறந்தது மாதிரி உட்கார்ந்துடுது. சூடு பண்ணாலும் சீக்கிரம் பெருசாகி வீணாப் போறதில்ல.

எடைக்கு எடை பார்த்தா, அலுமினியத்துக்கு இவ்வளவு வலிமை கொடுக்கற சேர்மானம் வேற இல்லைன்னே சொல்லலாம். எவ்வளவு போடணும்? 0.1 சதவீதத்துல இருந்து 0.5 சதவீதம் வரைக்கும், பெரும்பாலும் 0.2, 0.3 அளவு. நகையில 8.4 சதவீதம் கலக்கறோம். இங்க ஒரு கிலோவுக்கு ரெண்டு கிராம். சாம்பார்ல பெருங்காயம் மாதிரி. அதிகம் போட்டா பிரயோஜனமும் இல்ல, ஏன்னா திட நிலையில அலுமினியம் அதிகபட்சம் 0.4 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாத்தான் ஸ்கேண்டியத்தைக் கரைச்சு வச்சுக்கும்.

ரெண்டாவது வேலை எனக்கு இன்னும் பிடிச்சது. அலுமினியத் தகட்டை உருளையில அழுத்தித் தட்டையாக்கும்போது அது கொஞ்சம் கெட்டியாகும். ஆனா மறுபடி சூடு பட்டா உள்ளுக்குள்ள புதுப் படிகங்கள் முளைச்சு, சம்பாதிச்ச கெட்டித்தன்மை எல்லாம் போயிடும். இன்க்ரிமென்ட் வந்த மாசமே இஎம்ஐ ஏறின மாதிரி. ஸ்கேண்டியத் துகள்கள் அந்தப் புதுப் படிகங்களை வளர விடாம பிடிச்சு வைக்குது.

மூணாவது, வெல்டிங். விமானத்தோட உடம்பை உத்துப் பார்த்தா ஆயிரக்கணக்குல ரிவிட் தெரியும். ஏன் வெல்டிங் பண்ணாம ரிவிட் அடிக்கறாங்க? அதுக்கு ஒரு முக்கியமான காரணம், ரொம்ப வலிமையான அலுமினியக் கலவைகள்ல பல வகைகளை வெல்ட் பண்ணா ஆறும்போது விரிசல் விடும். ஓரமெல்லாம் கெட்டியாகி, நடுவுல மட்டும் திரவம் மிச்சம் இருக்கும்போது, சுருங்கற இழுப்புல அந்த இடம் பிளந்துடும். ஸ்கேண்டியம் இருந்தா படிகங்கள் ரொம்பச் சின்னதா உருவாகும். குல்ஃபிக்கும் நல்ல ஐஸ்கிரீமுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி வச்சுக்கங்க. படிகம் சின்னதானா அந்த இழுப்பு பல இடத்துக்குப் பரவி, விரிசல் குறையுது. மெக்னீசியம் கலந்த அலுமினிய வகை துருப்பிடிக்காது, நல்லா வெல்ட் ஆகும், கப்பல் கட்டவே பயன்படுத்தறாங்க. குறை என்னன்னா வலிமை சுமார்தான். அதுல ஸ்கேண்டியம் சேர்த்தா அந்தக் குறையும் பெருமளவு தீர்ந்துடுது.

3டி பிரிண்டிங்ல இது இன்னும் பொருந்தும், ஏன்னா அங்க ஒவ்வொரு அடுக்கும் ஒரு குட்டி வெல்டிங்தான். ஏர்பஸ் குழுமத்தோட ஏபி வொர்க்ஸ் இதுக்குன்னே "ஸ்கால்மலாய்"னு ஒரு கலவையை உருவாக்கினாங்க. மெக்னீசியம், ஸ்கேண்டியம், ஜிர்கோனியம் கலந்த அலுமினியப் பொடி. 2016-ல அதை வச்சு 35 கிலோ எடையில ஒரு எலெக்ட்ரிக் பைக்கையே பிரிண்ட் பண்ணிக் காட்டினாங்க. ஏ320 விமானத்துக்குள்ள வைக்கிற தடுப்புச் சுவர் ஒண்ணையும் இதே கலவையில பிரிண்ட் பண்ணாங்க, வழக்கமான தடுப்பைவிட சுமார் 45 சதவீதம் எடை குறைவு.

ஆக, உலோகம் சூப்பர். இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

50 வருஷமா தெரிஞ்ச ரகசியம்

மெசேஜ் படிச்சா நேத்துதான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும். 1871-லயே மெண்டலீவ் தன்னோட அட்டவணையில ஒரு காலி இடத்தைப் பார்த்து, இங்க ஒரு தனிமம் இருக்கணும்னு சொல்லிட்டார். 1879-ல ஸ்வீடன்ல நில்சன் கண்டுபிடிச்சு, ஸ்காண்டிநேவியாவை வச்சுப் பேர் வைச்சார். அலுமினியத்துல சேர்த்தா என்ன ஆகும்ங்கறதுக்கு அமெரிக்காவோட ஆல்கோவா கம்பெனி 1971-லயே பேட்டன்ட் வாங்கியாச்சு.

நிஜமா அதைப் பயன்படுத்தினது சோவியத் யூனியன்தான். உக்ரைன்ல ஜோவ்தி வோடிங்கற இடத்துச் சுரங்கத்துல இருந்து ஸ்கேண்டியம் எடுத்து, மிக்-29 மாதிரி போர் விமானங்களோட சில பாகங்களுக்குப் போட்டாங்க. கவனிங்க, அங்க காசு ஒரு கேள்வியே இல்ல. ராணுவத்துக்கு வேணும், அரசு எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். லாப நஷ்டக் கணக்கு எழுத வேண்டிய அவசியம் அங்க யாருக்கும் இல்ல.

1991-ல சோவியத் உடைஞ்சதும் அந்தச் சரக்கும் அறிவும் வெளிச் சந்தைக்கு வந்தது. வந்து எங்க போச்சு தெரியுமா? பேஸ்பால் மட்டைக்கு! 1990-கள் கடைசியில அமெரிக்காவோட ஈஸ்டன் கம்பெனி ஸ்கேண்டியம் கலந்த மட்டையை இறக்கினாங்க. அப்புறம் சைக்கிள் ஃப்ரேம், ஸ்மித் அண்ட் வெஸன் கைத்துப்பாக்கி. விளையாட்டுச் சாமான்ல "நூறு கிராம் குறைவு"ன்னு சொன்னா கூடுதல் காசு கொடுக்க ஆள் இருக்கு. ஆனா கொஞ்ச வருஷத்துல கார்பன் ஃபைபர் சைக்கிளும், மட்டையில காம்போசிட்டும் வந்து அந்த இடத்தை எடுத்துக்கிச்சு. ஸ்கேண்டியம் தோத்ததுக்குக் காரணம் இன்னொரு உலோகம் இல்ல, உலோகமே இல்லாத ஒண்ணு. போட்டி எந்தத் திசையில இருந்து வரும்னு யாராலயும் சொல்ல முடியாது.

இப்போ காஸ்ட் ஷீட்

சரி, நம்ம வேலைக்கு வருவோம். பேனா எடுத்துக்கங்க.

ஸ்கேண்டியம் சந்தையில பெரும்பாலும் ஆக்சைடா, வெள்ளைப் பொடியா விக்குது. அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறை வெளியிடற விலைப்படி 2017, 2018-ல கிலோ சுமார் 4,600 டாலர். 2021-ல சுமார் 2,200. நாம கணக்குக்கு 2,000 டாலர்னு வச்சுக்குவோம், விக்கிறவருக்குச் சாதகமாவே இருக்கட்டும். அந்தப் பொடியில எடைக்கு 65 சதவீதம்தான் ஸ்கேண்டியம், மீதி ஆக்ஸிஜன்.

ஒரு டன் அலுமினியம் சுமார் 2,500 டாலர்னு எடுத்துக்கங்க. அதுல 0.2 சதவீதம், அதாவது 2 கிலோ ஸ்கேண்டியம் போடணும். அதுக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல ஆக்சைடு வேணும். 3 கிலோன்னே போட்டாலும் 6,000 டாலர். பெருங்காயத்தோட விலை சாம்பாரோட விலையை விட ரெண்டு மடங்குக்கு மேல! ரூபாய்ல சொன்னா, டாலர் 85-னு வச்சுக்கிட்டா, கிலோ 212 ரூபாய் அலுமினியம் 722 ரூபாய் ஆகுது. இது வெறும் மூலப்பொருள் கணக்கு. பொடியை அப்படியே உருக்குச் சட்டியில கொட்ட முடியாது. முதல்ல 2 சதவீத ஸ்கேண்டியம் இருக்கற "மாஸ்டர் அலாய்"னு ஒரு கட்டியா மாத்தணும், அதுக்கப்புறம்தான் கலக்க முடியும். அந்தச் செலவும் சேதாரமும் இதுல சேர்க்கலை.

இப்போ ஒரு கார். அதுல 100 கிலோ அலுமினியம் இருக்குன்னு வச்சுக்கங்க, செலவு 21,200 ரூபாய். ஸ்கேண்டியம் கலவைக்கு மாறினதால 80 கிலோவே போதும்னு ஆச்சு. 80 கிலோ, 722 வீதம், 57,760 ரூபாய். 36,560 ரூபாய் கூடுதலா கொடுத்து 20 கிலோ குறைச்சிருக்கோம், கிலோவுக்கு 1,828 ரூபாய். 80 கிலோங்கறது உதாரணத்துக்கு நான் எடுத்த எண்தான், நீங்க வேற எண் போட்டும் பாருங்க. எப்படிப் போட்டாலும் மாருதி, ஹூண்டாய் மாதிரி ரகத்துல கார் விக்கிறவங்களுக்கு இது கட்டுப்படியாகுமான்னு யோசிங்க. ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துல ஒரு டை-காஸ்டிங் யூனிட்டுக்கு ஸ்டாக் ஆடிட் போயிருக்கேன். கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி கார் கம்பெனி பர்ச்சேஸ் ஆட்கள் மூணு ரவுண்டு மீட்டிங் போடுவாங்க. அந்த உலகத்துல 500 ரூபாய் ஏத்தப் போறோம்னு சொன்னா டீ கூட கொடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். காருக்குள்ள போற வார்ப்பு அலுமினியத்துல பெரும்பகுதி சிலிக்கான் கலந்தது. ஸ்கேண்டியத்துக்கு சிலிக்கானோட ஒத்துப்போகாது. சேர்ந்தா வேற ஒரு சேர்மமா மாறி, நாற்காலி வேலைக்கு ஆளே மிச்சம் இருக்காது. செம்பு அதிகம் இருக்கற கலவையிலயும் இதே தொல்லை. ஆக "எல்லா அலுமினியத்துக்கும்"ங்கறதே தப்பு. மெக்னீசியம் வகை மாதிரி சில குடும்பங்களுக்குத்தான் இது பொருந்தும்.

விமானக் கணக்கு வேற. ஒரு விமானம் 20, 25 வருஷம், தினமும் பல தடவை பறக்குது. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு தடவையும் எரிபொருள் மிச்சம். ராக்கெட், சாட்டிலைட்னா சொல்லவே வேணாம். அங்க கிலோவுக்கு 1,828 ரூபாய் ஒரு பொருட்டே இல்ல. அதனால கதை முழுக்க பொய்யுன்னு நான் சொல்லல. வாங்கற ஆள் இருக்காரு, ஆனா அவருக்குக் கொஞ்சம்தான் வேணும்.

மொத்த சந்தையே எவ்வளவு?

இதைத்தான் முதல்ல கேட்கணும். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சில பத்து டன் ஸ்கேண்டியம் ஆக்சைடுதான் உற்பத்தியாகுது. 40 டன்னு வச்சுக்குவோம். கிலோ 2,000 டாலர்னா 8 கோடி டாலர். சுமார் 680 கோடி ரூபாய். மொத்த உலகமும் சேர்ந்து! நம்ம ஊர் பங்குச் சந்தையில நீங்க பேரே கேள்விப்படாத கம்பெனிகள்ல எத்தனையோ பேரோட ஒரு வருஷ விற்பனை இதைவிட அதிகம். அதுலயும் எல்லாம் அலுமினியத்துக்குப் போகல. நல்ல பங்கு ஃப்யூவல் செல்லுக்குள்ள செராமிக்கா போகுது, கொஞ்சம் 5ஜி போனோட சிக்னல் ஃபில்டருக்குப் போகுது.

இந்த இடத்துல ஷேர் விக்கிறவங்க ஒரு கணக்கு காட்டுவாங்க. அதையும் நேர்மையா பார்த்துடுவோம். உலகத்துல வருஷத்துக்கு சுமார் 7 கோடி டன் புது அலுமினியம் தயாராகுது. அதுல வெறும் 0.1 சதவீதம், 70,000 டன், ஸ்கேண்டியம் கலவைக்கு மாறினாலே 140 டன் ஸ்கேண்டியம் வேணும். ஆக்சைடா சொன்னா 215 டன். இன்னிக்கு இருக்கறதைவிட அஞ்சு மடங்கு! கணக்குல பிழை இல்ல. "மாறினால்"ங்கற ஒரு வார்த்தைதான் மொத்த பாரத்தையும் தாங்கிக்கிட்டு நிக்குது.

விமானக் கம்பெனி ஒரு புதுக் கலவையைச் சோதிச்சு ஒப்புதல் வாங்கவே வருஷக்கணக்கு ஆகும். அதுக்கப்புறம் 20, 30 வருஷம் தடையில்லாம, ஒரே ஆளை நம்பாம கிடைக்கும்னு உறுதி வேணும். சுரங்கக் கம்பெனியோ, முதல்ல வாங்கறேன்னு எழுதிக் கொடு, அப்பத்தான் பேங்க் கடன் கொடுக்கும், அப்பத்தான் தோண்டுவேன்னு சொல்லும். நீ முதல்ல, நீ முதல்லன்னு இந்த மரியாதை பல வருஷமா நடக்குது. விலை ஏறினா நல்லதுன்னு நீங்க நினைக்கலாம். ஆக்சைடு 4,000 டாலர் ஆனா மேல போட்ட காஸ்ட் ஷீட்டை மறுபடி போட்டுப் பாருங்க, கிலோ அலுமினியம் 1,200 ரூபாயைத் தாண்டும். வாங்க யோசிச்சுக்கிட்டு இருந்தவரும் ஓடிடுவார்.

வாங்கற ஆளே இன்னொரு வேலையும் பண்றார். ஸ்கேண்டியத்தோட கொஞ்சம் ஜிர்கோனியம் சேர்த்தா, அது துகளைச் சுத்தி ஒரு ஓடு மாதிரி உட்கார்ந்து, சூட்டை இன்னும் நல்லா தாங்க வைக்குது. ஜிர்கோனியம் விலை குறைவு. அதனால குறைஞ்ச ஸ்கேண்டியத்துலயே வேலை முடியுது. எர்பியத்தை வச்சும் ஆராய்ச்சி நடக்குது. உங்க கஸ்டமர் உங்க பொருளைக் குறைச்சுப் பயன்படுத்த லேப் வச்சு உழைக்கிறாருன்னா, அந்த பிசினஸ்ல பங்கு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்தி யோசிக்கணும்.

சப்ளை நிஜமாவே கம்மியா?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பூமியோட மேலோட்டுல டன்னுக்கு 20 கிராமுக்கு மேல ஸ்கேண்டியம் இருக்கு. ஈயத்தைவிட அதிகம்! ஆனா ஈயம் ஒரே இடத்துல தாதுவா குவிஞ்சு கிடக்கும். ஸ்கேண்டியம் எல்லா இடத்துலயும் தூவின மாதிரி பரவிக் கிடக்கும். அதனால இதுக்குன்னு தனியா தோண்டறது அபூர்வம். டைட்டானியம், நிக்கல், அரிய மண் உலோகங்கள், யுரேனியம் எடுக்கும்போது மிச்சமாகற கழிவுல இருந்துதான் இதைப் பிரிச்சு எடுக்கறாங்க. சீனாவுல பெரும்பாலும் இந்த வழிதான். பிலிப்பைன்ஸ்ல டகானிடோங்கற இடத்துல ஜப்பானோட சுமிடோமோ, நிக்கல் ஆலையில இருந்து எடுக்கறாங்க. கனடாவோட கியூபெக்ல ரியோ டின்டோ 2022-ல டைட்டானியம் கழிவுல இருந்து வருஷம் 3 டன் எடுக்க ஆரம்பிச்சாங்க. அலுமினியத் தாதுவான பாக்சைட்டைச் சுத்திகரிச்சா மிச்சமாகற சிவப்புச் சேத்துலயும் இது இருக்கு. நம்ம நால்கோவோட ஒடிசா தாமன்ஜோடி ஆலை மாதிரி இடங்கள்ல அந்தச் சேறு மலையா குவிஞ்சு கிடக்கு. அதுல இருந்து லாபகரமா பிரிக்க முடியுமாங்கறதுதான் கேள்வி.

காஸ்ட் அக்கவுன்டிங் படிச்சவங்களுக்கு "பை-ப்ராடக்ட்"னு சொன்னதும் மண்டையில மணி அடிக்கும். பை-ப்ராடக்டோட விலையை நம்பி அந்த ஆலை ஓடறதில்ல. டைட்டானியமோ நிக்கலோ மொத்தச் செலவையும் சுமக்குது, ஸ்கேண்டியம் ஓசியில வர்ற உபரி வருமானம். இப்போ உங்க ஆஸ்திரேலிய சின்ன கம்பெனி ஸ்கேண்டியத்துக்காகவே சுரங்கம் தோண்டி, அதோட மொத்தச் செலவையும் அந்த ஒரே பொருள் மேல ஏத்தணும். விலைப் போட்டி வந்தா யார் முதல்ல விழுவாங்க?

இன்னொரு விஷயம். அமெரிக்காவோட நெப்ராஸ்கா மாநிலத்துல எல்க் கிரீக்னு ஒரு திட்டம், நியோகார்ப் கம்பெனியோடது. முக்கியமா நியோபியத்துக்கு. அதோட திட்ட அறிக்கைப்படி கூடவே வருஷத்துக்கு சுமார் 100 டன் ஸ்கேண்டியம் ஆக்சைடு வரும். ஒரே ஒரு சுரங்கம், நாம போட்ட உலக சந்தையைப் போல ரெண்டரை மடங்கு! இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது என் கண்ணு முதல்ல போறது டன் கணக்குக்கு இல்ல. அவ்வளவு சரக்கையும் என்ன விலைக்கு விக்கலாம்னு எழுதியிருக்காங்க, அத்தனை சரக்கு வந்த பிறகும் அந்த விலை அப்படியே நிக்கும்னு நினைச்சிருக்காங்களா, அதைத்தான் தேடுவேன்.

2023-ல ரியோ டின்டோ ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ்ல ஒரு பெரிய ஸ்கேண்டியம் சுரங்கத் திட்டத்தையே மொத்தமா வாங்கினாங்க. விலை 1.4 கோடி டாலர். நம்ம பணத்துல 115 கோடி ரூபாய் அளவு, சென்னையில ஒரு நடுத்தர அபார்ட்மென்ட் புராஜெக்ட் விலை. மண்ணுக்குள்ள இருக்கற சரக்குக்கு உலகத்துல விவரம் தெரிஞ்ச வியாபாரி கொடுக்கற விலை அவ்வளவுதான். பற்றாக்குறை சரக்குக்கு இல்ல, கட்டுப்படியாகற விலையில பிரிச்சுக் கொடுக்கறவருக்கும், கையெழுத்து போட்டு வாங்கறவருக்கும்தான்.

சீனாவோட கட்டுப்பாடு இதை மாத்துமா? கொஞ்சம் மாத்தலாம். அது தடை இல்ல, லைசென்ஸ் முறை. ஆனா அதனால மத்த நாட்டு அரசுகள் "விலை எவ்வளவானாலும் பரவாயில்ல, சீனாவுக்கு வெளியே ஒரு ஆலை வேணும்"னு காசு கொட்டலாம். அப்படி நடந்தா சில கம்பெனிகள் பிழைக்கும். ஆனா அப்போ நீங்க பந்தயம் கட்டறது உலோகத்து மேல இல்ல, வாஷிங்டன், பெய்ஜிங் அரசியல் மேல. தெரிஞ்சு கட்டறதுன்னா கட்டுங்க.

விலையைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்னு நினைச்சா அதுவும் முடியாது. எல்எம்இ, எம்சிஎக்ஸ் எதுலயும் ஸ்கேண்டியம் வர்த்தகம் கிடையாது. வாங்கறவரும் விக்கிறவரும் தனியா பேசி முடிச்சுக்கற விலைதான். தங்கம் மாதிரி காலையில எழுந்து ரேட் பார்க்க வழியே இல்லாத பொருள் இது.

நான் என்ன கவனிப்பேன்? விலை ஏறுச்சா இறங்குச்சான்னு இல்ல. ஒரு பெரிய விமானக் கம்பெனியோ அலுமினியக் கம்பெனியோ, எத்தனை டன், எத்தனை வருஷம், என்ன விலைன்னு எண்ணோட ஒரு கட்டாய ஒப்பந்தம் போட்டிருக்காங்களான்னு பார்ப்பேன். "புரிந்துணர்வு ஒப்பந்தம்", "விருப்பக் கடிதம்"னு வர்ற அறிவிப்பெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி ஜாதகம் வாங்கிட்டுப் போற மாதிரி. பரிசம் போடற வரைக்கும் அதுக்கு அர்த்தம் இல்ல. அந்தக் கம்பெனி கடைசி அஞ்சு வருஷத்துல எத்தனை தடவை புது ஷேர் வெளியிட்டுப் பணம் திரட்டியிருக்குன்னும் பார்ப்பேன். வருமானமே இல்லாத சுரங்கக் கம்பெனி சம்பளம் கொடுக்கறது உங்க பணத்துலதான். ஷேர் எண்ணிக்கை ஏற ஏற உங்க பங்கு கரையும்.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா?

சில பேர் கேள்வி கேட்கறதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்திருக்கீங்க. பரவாயில்ல, அதுக்குண்டான வரி வேலையையாவது ஒழுங்கா பண்ணுங்க. இது நம்ம ஏரியா.

வெளிநாட்டு ஷேர் ஒண்ணு வச்சிருந்தாலும், அது 5,000 ரூபாய்க்கு வாங்கினதா இருந்தாலும், நீங்க இந்தியாவுல ரெசிடன்ட்னா ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2 போட்டு, அதுல ஷெட்யூல் எஃப்ஏ பகுதியில அந்த ஷேரைக் காட்டணும். அங்க கணக்கு ஏப்ரல்-மார்ச் இல்ல, ஜனவரி-டிசம்பர். விக்காம சும்மா வச்சிருந்தாலும் காட்டணும். காட்டலைன்னா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கு. 2024 அக்டோபர்ல இருந்து, வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லைன்னு தளர்த்தியிருக்காங்க. அதுக்காக காட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்ல.

24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துக்கு 12.5 சதவீத வரி, கூட செஸ். அதுக்கு முன்னாடி வித்தா உங்க ஸ்லாப் ரேட். நஷ்டத்துல வித்தீங்கன்னா, கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா மட்டும்தான் அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு வருஷத்துக்கு எடுத்துட்டுப் போய், வர்ற மூலதன லாபத்துல கழிச்சுக்க முடியும். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்துல மட்டும்தான் கழிக்கலாம், குறுகிய கால நஷ்டத்தை ரெண்டுலயும் கழிக்கலாம். இந்த ரகப் பங்குகள்ல நஷ்டம் வர வாய்ப்பு அதிகம்ங்கறதால, இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

வெளிநாட்டு புரோக்கர் வருஷக் கடைசியில கொடுக்கற ஸ்டேட்மென்ட்டை இப்பவே டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. ஜூலை மாசம் ரிட்டர்ன் போடறப்போ பாஸ்வேர்ட் மறந்துடுச்சுன்னு மெயில் போடாதீங்க. நான் செபியில பதிவு பண்ண முதலீட்டு ஆலோசகர் இல்ல, மேல சொன்ன எந்தக் கம்பெனியையும் வாங்கவோ விக்கவோ சொல்லல. காஸ்ட் ஷீட்ல சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, எண்ணை மாத்திப் போட்டுப் பார்த்துட்டுக் கேட்டா இன்னும் சந்தோஷம்.